ஆட்டத்துக்கு ஒரு நாழிகை



குழந்தை விளையாடினால் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. முப்பது வயது கடந்த ஒருவர், காலையில் வேலைக்குப் போகிறவர், மனைவியும் குழந்தையும் உள்ளவர், 'நான் விளையாடப் போகிறேன்' என்று சொன்னால் கேட்பவரின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வருகிறது. பின்னர் ஒரு கேள்வி வருகிறது: 'உமக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?' கேலியாகவே கேட்கப்படும் கேள்விதான். ஆனால் மெய்யாகவே விடை தேடவேண்டிய கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது, எல்கடுவையில் தங்கியிருந்த ஒரு மழை இரவில்.

மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக மலையேறினால் எல்கடுவ வரும். மிளகும் கராம்பும் ஏலமும் கமழும் சரிவுகளைக் கடந்து தேயிலை தொடங்குகிற இடம் அது. பக்கத்திலே ஹுன்னஸ்கிரிய நீர்வீழ்ச்சி. அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்டக் கம்பனி ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போயிருந்தேன்.

இரவு பத்து மணி இருக்கும். தகரக் கூரைமேல் மழை பொழிந்துகொண்டிருந்தது. அதனூடே எங்கோ துப்பாக்கி வெடிக்கும் ஓசை; தொடர்ந்து, 'வலப்பக்கம், வலப்பக்கம்! சுவருக்குப் பின்னால்!' என்று அடங்கிய குரலில் ஒரு கட்டளை. திடுக்கிட்டு எழுந்து பார்த்தேன். திண்ணை ஓரத்தில், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கைத்தொலைபேசியின் வெளிச்சம் முகத்தில் விழ, நண்பரின் மகன் உட்கார்ந்திருந்தார். மாத்தளை நகரில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். வயது முப்பத்திரண்டு. ஒரு குழந்தைக்குத் தந்தை.

'தூங்கவில்லையா, தம்பி?' என்றேன். 'இன்னும் பத்தே நிமிடம், மாமா. வட்டம் சுருங்கிவிட்டது' என்றார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவரே விளக்கினார்.

பலர் ஓர் ஆகாய விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஆயுதங்களைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்கு வெளியே அகப்பட்டவர் மாள்கிறார். கடைசியில் எஞ்சி நிற்பவரோ எஞ்சி நிற்கும் நால்வர் அணியோ வெற்றி பெறும். 'பப்ஜி' என்ற ஆட்டம் கைத்தொலைபேசிக்கு 2018-ல் வந்தது. அதில் நூறு பேர், ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்கு முந்திய ஆண்டில் வந்த 'ஃப்ரீ ஃபயர்' என்ற ஆட்டத்தில் ஐம்பது பேர், பத்து நிமிடம். விலை குறைந்த தொலைபேசியிலும் ஓடும் என்பதாலும், பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதாலும் பின்னது நம் மலைநாட்டு இளைஞரிடையே பெரிதும் பரவியது. ஆட்டத்தின் நீளம் என்பது சின்ன விஷயமன்று. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம்.

அந்த வீட்டின் நாள் எப்படி விடிகிறது? மருமகள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, காலைக்கும் பகலுக்கும் சமைத்து, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு நிற்கவேண்டும். பின்னர் மலை. மாலை நிறுவை முடிந்து கொழுந்து மடுவத்திலிருந்து வீடு திரும்பினால் தண்ணீர், விறகு, துணி, சமையல், குழந்தை. கணவர் காலை பஸ்ஸைப் பிடித்து இறங்கினால் இரவு ஏழரைக்குத்தான் மேலே வந்து சேர்கிறார். உணவு, குளியல், குழந்தையோடு கொஞ்ச நேரம். எல்லாம் முடியும்போது ஒன்பதரை. மறுநாள் மீண்டும் விடியுமுன் எழவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஆட்டத்துக்கு என்று மிச்சமிருப்பது தூக்கத்தின் ஓரம் ஒன்றுதான்.

அந்த ஓரத்தைத்தான் கிள்ளி எடுக்கிறார் அவர். வேலைக்குப் போகும் இணைய ஆட்டக்காரர்கள் உலகெங்கும் அதைத்தான் செய்கிறார்கள். குழந்தை உறங்கிய பின். அல்லது வீடு விழிக்குமுன் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து. அல்லது பஸ்ஸில், பகல் உணவு இடைவேளையில். நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசிக் கம்பனிகள் நள்ளிரவுக்கு மேற்பட்ட நேரத்துக்கு என்று தனியாக டேட்டா ஒதுக்கித் தருகின்றன. பகலில் கட்டிவராத செலவு இரவில் கட்டிவருகிறது. ஆகவே பணமில்லாதவரின் ஆட்டம் நள்ளிரவை நோக்கித் தள்ளப்படுகிறது. 2022 மார்ச் இறுதியில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் தொலைபேசிக்கு உயிர். அந்த நாட்களில் ஆட்டத்துக்கு நேரம் குறித்தவர் ஆட்டக்காரர் அல்லர், மின்வெட்டு அட்டவணைதான்.

இது இக்காலத்துப் பிள்ளைகளின் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பலர் ஒரே நேரத்தில் கம்பி வழியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது 1978-ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் அதை ஆக்கினார்கள். படமோ ஓசையோ கிடையாது; எழுத்து மட்டும். பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக்குப் பகலில் வேறு வேலை இருந்தது. ஆகவே வெளியிலிருந்து தொலைபேசித் தொடர்பு மூலம் ஆட வந்தவர்களுக்கு, நள்ளிரவு கழிந்து விடிவதற்கு முந்திய வேளையே கொடுக்கப்பட்டது. அந்த ஆட்டக்காரர்கள் தூக்கத்தை விற்று ஆட்டத்தை வாங்கினார்கள். ஆட்டம் பிறந்தபோதே இரவுக்காவல் அதற்கு வாய்த்துவிட்டது.

மகனைப் பற்றி நான் இப்படி வியந்துகொண்டிருந்தபோது, தந்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: 'நாங்கள் மட்டும் தூங்கினோமா? பதினைந்து இரவு காமன் கூத்து ஆடிவிட்டு நேரே பிரட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.'

அவர் பத்தாண்டுக் காலம் ரதி வேஷம் கட்டியவர். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் ஊன்றுவார்கள். கம்பம் நட்டு, காப்புக் கட்டி, வேஷக்காரர்கள் விரதம் இருப்பார்கள். அன்று முதல் காமன் பொட்டலில் இரவுதோறும் தப்பு முழங்கும். ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். நாள் ஏற ஏறத் தக்கனும் வீரபத்திரனும் காளியும் எமனும் வந்து சேர்வார்கள். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடி வாதாடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்படுவான்; பின்னர் உயிர்பெற்று எழுவான்.

காமன் கூத்தைப் பற்றி எழுதியவர்கள் அதன் கதையையும் பாட்டையும் ஆராய்ந்திருக்கிறார்கள். என் மனம் அன்று சென்றது அதன் கால அட்டவணைமேல். எவ்வளவு நுட்பமான அட்டவணை! மழை ஓய்ந்த மாசி மாதம். வளர்பிறை, ஆகவே ஒவ்வோர் இரவும் நிலவு கூடிக்கொண்டே போகும், ஆட்டம் முடிந்து கல்லும் முள்ளுமான பாதையில் லயத்துக்குத் திரும்ப வெளிச்சம் கிடைக்கும். உச்சக்கட்டமான இரவுகள் முழுநிலவை ஒட்டி அமையும். அதற்கும் மேலே, கூத்து எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். ரதி வேஷம் கட்டியவர் பகலில் மலையில் கண்ணயர்ந்தாலும், பக்கத்து நிரையில் நிற்பவருக்குக் காரணம் தெரியும்.

'அந்தப் பதினைந்து நாளும் என் நிரையில் பாதியை மற்றவர்கள்தான் முடித்துக் கொடுப்பார்கள்' என்றார் நண்பர்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: 'அந்தப் பதினைந்து நாளும் தண்ணீர் சுமந்தது யார் என்றும் சொல்லுங்கள்.'

நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனால் அன்று முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் தேடிய விடை அதில்தான் இருந்தது.

வயதுவந்தவரின் வாழ்க்கையில் நேரமே இல்லை என்பது சரியன்று, நேயர்களே. நேரம் இருக்கிறது, துணுக்குத் துணுக்காக இருக்கிறது. உலை கொதிக்கும் வரையில் ஐந்து நிமிடம், பஸ் வரும் வரையில் பத்து நிமிடம், குழந்தை கண்ணயர்ந்த கால் மணி. இல்லாதது முழு நேரம். யாரும் கூப்பிடாத, பாதியில் எழ வேண்டாத, உடையாத ஒரு மணி நேரம். அத்தகைய முழு நேரம் எவருக்கும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவருக்கு அது கிடைக்கிறது என்றால், அந்த நேரத்தில் அவருடைய வேலையை வேறொருவர் கை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

இணைய ஆட்டங்களின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. தாயக்கட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். கரம் பலகையில் காய்கள் காத்திருக்கும். நால்வர் அணியாக இறங்கிய இணைய ஆட்டத்தில், குழந்தை அழுகிறது என்று ஒருவர் எழுந்தால் ஆட்டம் நிற்பதில்லை. எங்கோ இருக்கும் மற்ற மூவரும் தோற்கிறார்கள். 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆட்டத்தில், தொடக்க காலத்துப் பெருங்கோட்டைகளை வெல்ல நாற்பது பேர் ஒன்றாகத் திரளவேண்டும். முன்னின்று அடி வாங்குபவர், காயமாற்றுபவர், தாக்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. நாற்பது குடும்பஸ்தர்களை ஒரே இரவில் ஒரே மணிக்கு உட்கார வைப்பது எளிய காரியமா? நம் ஊரில் ஒரு சங்கக் கூட்டத்துக்கு நாற்பது பேரைத் திரட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆகவே அந்த ஆட்டக்காரர்கள் குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் இன்ன இரண்டு இரவு, இன்ன மணி முதல் மூன்று மணி நேரம். வர இயலாதவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். அவருக்குப் பதில் ஆள் தயாராக இருப்பார். வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் பல ஆண்டுக் காலம் ஆட்டத்தில் நிலைத்து நின்றது பெரும்பாலும் இவ்வகைக் குழுக்களில்தான். விளையாட்டை விளையாட்டாக எண்ணியவர்கள் சீக்கிரம் உதிர்ந்துவிட்டார்கள். அதை ஒரு தவணையாக எண்ணியவர்கள் நின்றார்கள். காமன் பொட்டலின் ஒழுங்கும் இதுவே அன்றோ? நாளும் வேளையும் முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே வீட்டாரும் அதற்கேற்பத் தம் வேலையை நகர்த்தி வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆட்டத்தை ஆக்குபவர்களும் நாளடைவில் இதை உணர்ந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் ஆடத் தொடங்கியவர்கள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டால், நேரமில்லை என்று விலகிவிடுவார்களே! ஆகவே நாற்பது பேர் வேண்டியிருந்த இடத்தில் 2007-க்குப் பின் இருபத்தைந்து பேரும் பத்துப் பேரும் போதும் என்றாயிற்று. 2016-ல் ஐவர் சேர்ந்து ஏறக்குறைய அரை மணிக்குள் முடிக்கும் சவால்கள் வந்தன. ஆட வராமல் ஓய்ந்திருந்தவர் திரும்பி வந்ததும் சிறிது காலம் இரட்டிப்பு வேகத்தில் முன்னேறலாம் என்ற சலுகையும் அதே ஆட்டத்தில் உண்டு. ஐஸ்லாந்து நாட்டார் 2003-ல் வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' என்ற விண்வெளி ஆட்டத்தில் இன்னும் ஒரு விசித்திரம். ஆட்டக்காரர் கணிப்பொறியை அணைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கும்போதும் அவருடைய பாத்திரம் தன் கலையைப் பயின்றுகொண்டே இருக்கும். சம்பளமில்லாமல் ஆளை வைத்துப் பயிற்சி செய்விப்பது போன்ற ஏற்பாடு! இதிலெல்லாம் கருணையைவிட வியாபாரமே மிகுதி என்பது என் எண்ணம். விலகியவரைத் திரும்ப இழுக்கும் தூண்டிலும், ஓய்ந்தவருக்கு வைத்த சலுகையும் ஒரே கயிற்றின் இரு முனைகள்தாம்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தமான ஏற்பாடு ஒன்று இணையத்துக்கு முன்னரே இருந்தது: தபால் வழிச் சதுரங்கம். ஒரு காயை நகர்த்தி, அதை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டு அலுவலகம் போகலாம். மறுமொழி வர நாட்களோ வாரங்களோ ஆகும். ஒரே ஆட்டம் ஆண்டுக்கணக்கில் நடப்பதும் உண்டு. இவ்வகைச் சதுரங்கத்துக்கு 1951-ல் ஒரு சர்வதேசச் சம்மேளனமே அமைந்தது. அது இன்றும் இருக்கிறது. அஞ்சலட்டைக்குப் பதிலாக இணையம் வந்திருக்கிறது, அவ்வளவே. இன்று கைத்தொலைபேசியில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று தவணை வைத்துக்கொண்டு ஆடும் சதுரங்கமும் அதன் வழி வந்ததுதான். துணுக்கு நேரத்தைக் கொண்டே ஒரு முழு ஆட்டத்தைக் கட்டி எழுப்பும் வழி அது. ஆனால் சுடும் ஆட்டத்தின் விறுவிறுப்புக்குப் பழகியவரிடம் இதைச் சொன்னால், பத்தியக் கஞ்சியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

துணுக்கு நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வீட்டின் இன்னோர் ஆட்டக்காரரை நான் மறக்கலாகாது. மருமகளும் ஆடுகிறார். அவர் ஆடுவது மிட்டாய்களை மும்மூன்றாக வரிசைப்படுத்தும் ஆட்டம்; 'கேண்டி கிரஷ்' என்று பெயர். சோறு கொதிக்கும்போது, தொலைபேசியை மண்ணெண்ணெய்ப் போத்தல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் அகப்பையைப் பிடித்தபடி மறு கையால் ஆடுகிறார். அதில் ஐந்து உயிர்கள்; ஓர் உயிர் போனால் மீண்டும் வர அரை மணி ஆகும். குழந்தை அழுதால் வைத்துவிடலாம், யாரும் தோற்பதில்லை. துணுக்கு நேரம் மட்டுமே உள்ளவருக்காக அளவெடுத்துத் தைத்த ஆட்டம்! பல நூறு கட்டங்களைக் கடந்திருக்கிறார் அவர். ஆனாலும் அவ்வீட்டில் 'ஆட்டக்காரர்' என்று பெயர் பெற்றவர் கணவர்தான். மருமகள் ஆடுவது ஆட்டத்தில் சேர்த்தியில்லை. அது 'சும்மா போனைத் தட்டிக்கொண்டிருப்பது'.

'அவருக்கு ஆட நேரம் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் ஆடுகிறேன். இரண்டும் ஒன்றா, மாமா?' என்று கேட்டார் அவர். நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன். நான் அரை நாள் யோசித்துக் கண்டதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பூசல் அங்கேதான் இருந்தது. கணவர் ஆடுகிறார் என்பதன்று அவருடைய குறை. எப்போது ஆடுவார், எப்போது எழுவார் என்று தெரியாததே குறை. 'பத்து நிமிடம்' என்பார். அது ஒரு மணி ஆகும். குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்த ஓர் இரவில் இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லையாம். காதிலே ஒலிவாங்கி மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் பேச்சில்லை. கடையிலும் ஒருநாள், இருமல் மருந்து குடித்தவர்போல் தூங்கி விழுந்து, ஆணியின் எடையைத் தவறாகக் குறித்து, முதலாளியின் கோபத்துக்கு ஆளானார். இவற்றையெல்லாம் அவரே என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். 'காமன் கூத்துக்கு அப்பா போனால் தப்புச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். நான் வீட்டிலேயேதான் இருக்கிறேன், மாமா. ஆனால் எங்கே இருக்கிறேன் என்று இவளுக்குத் தெரியவில்லை' என்றார்.

இத்தகைய பூசலைச் சட்டத்தால் தீர்க்கலாம் என்று கருதிய நாடுகள் உண்டு. தென் கொரியா 2011-ல், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய ஆட்டம் ஆடலாகாது என்று சட்டம் செய்தது. பத்தாண்டுக்குப் பின், 2022-ன் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. சீனா 2021-ல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டுமே ஆடலாம் என்று விதித்தது. இவை பிள்ளைகளுக்கு. வயதுவந்தவர்களுக்கும் கடிகாரத்தைக் காட்டிய ஓர் அரசு நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. 2025 பெப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை நுழைவு கூடாது என்று விதி செய்தது. கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சூதில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் குடும்பங்கள் இருக்கும்போது அரசு கைகட்டி நிற்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்கடுவையின் திண்ணையில் இருப்பது சூதன்று. அங்கே நள்ளிரவில் கதவைச் சாத்தினாலும், ஒன்பதரை மணிக்குக் கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களைச் சட்டம் வந்து கழுவப்போவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் இதைக் கவனித்திருக்கிறது. 2019-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், ஆட்டத்தின்மேல் அடங்காத பிடிப்பு ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் நான் முக்கியமாகக் கருதுவது, எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அவர்கள் கணக்கு வைக்கவில்லை என்பதே. ஆட்டத்தை நிறுத்த முடிகிறதா, மற்றக் கடமைகளையெல்லாம் அது பின்னே தள்ளிவிட்டதா, கேடு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்கிறதா, அது பொதுவாக ஓராண்டுக் காலமேனும் நீடித்திருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நம் இளைஞருக்கு அந்த நோய் இல்லை. அவருக்கு இருந்தது ஒழுங்கில்லாத ஓர் ஆசை, அவ்வளவே.

அந்த ஆசைக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய அணியில் உள்ள நால்வரில் மூவர் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவர் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறார். இன்னொருவர் கட்டார் நாட்டில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்கிறார். நான்காமவர் தலவாக்கலைப் பக்கம். அவரை இவர்கள் யாரும் நேரில் பார்த்ததே இல்லை. மாலையில் கரப்பந்து ஆடிய மைதானத்தில் இனி இந்த மூவரும் ஒன்றுகூடப் போவதில்லை. ஆகவே அந்தச் சுருங்கும் வட்டம்தான் அவர்கள் கூடும் மைதானம். சுடும் நேரத்தைவிட, சுட ஆளில்லாமல் புதருக்குள் பதுங்கிக் கிடக்கும்போது, 'உன் அம்மாவுக்குக் கண் வைத்தியம் செய்தாயிற்றா?', 'மாரியம்மன் தேருக்கு இந்த வருஷமாவது வருவாயா?' என்று பேசிக்கொள்ளும் நேரமே மிகுதி. இதை அறியாமல், 'எதற்கு இந்தத் துப்பாக்கி விளையாட்டு?' என்று கேட்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

நான் புறப்படுவதற்கு முந்திய மாலையில் அந்த வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நான் அதில் தூதன். யோசனை முழுவதும் மாமியாருடையது. 'உங்கள் அப்பாவுக்காவது மாசி மாதம் என்று ஒன்று இருந்தது. நீயும் உனக்கு ஒரு நாள் வைத்துக்கொள்' என்றார் அவர்.

எந்த நாள் என்பதில்தான் கணக்கு வந்தது. கட்டார்க்காரருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. கொழும்புக்காரருக்கும் இவருக்கும் ஞாயிறு. கட்டாரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வெள்ளி இரவு என்றால் இங்கே மறுநாள் கடை உண்டு. ஞாயிறு இரவு என்றால் திங்கள் காலை பஸ். கடைசியில் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி என்று தீர்ந்தது. அப்போது கட்டாரில் மாலை ஏழு. அவருக்குப் பகல் வேலை முடிந்திருக்கும். ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை. அந்த இரண்டரை மணி நேரமும் குழந்தை விழித்தால் எழுவது மருமகள். அதற்குப் பதிலாகச் சனி இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களும், ஞாயிறு காலைச் சமையலும், ஞாயிறு பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையில் குழந்தையும் கணவர் பொறுப்பு. மற்ற நாட்களில், பத்து நிமிட ஆட்டம் ஒன்று, பஸ்ஸில் மட்டும்.

மருமகள் ஒரு நிபந்தனை சேர்த்தார். 'ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்கக்கூடாது. தூங்குவேன், மிட்டாய் அடுக்குவேன், சும்மாவும் இருப்பேன்.'

யாரும் மறுக்கவில்லை. நண்பர் மட்டும், 'காப்புக் கட்டிவிட வேண்டியதுதானே?' என்று முணுமுணுத்தார்.

மூன்று மாதம் கழித்து நண்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. உடன்படிக்கை ஒருவாறு நடந்து வருகிறதாம். இரண்டு சனிக்கிழமை பன்னிரண்டு மணி ஒன்றாகிவிட்டது. அந்த வாரம் மருமகளின் இரண்டு மணி நேரமும் மூன்றாகிவிட்டது. மலையில் மழை பிடித்தால் சிக்னல் நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில்தான் நன்றாகக் கிடைக்கிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து ஆடுகிறாராம் மகன். வீட்டிலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் தெரிகிறது என்றார் நண்பர்.

இப்போது ஒரு புதிய சிக்கல். கட்டாரிலுள்ள நண்பருக்கு இரவு வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இனி ஏழு மணிக்கு அவர் வரமுடியாது. நால்வரும் புதிதாக ஒரு நாள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன் மருமகளிடம் கேட்கவேண்டும்.